வெள்ளை நூல்

ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பல்பு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேறொன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. எக்ஸ்ரே மெஷினிலிருந்து மூச்சு கொடுக்கிற மெஷின்வரை அந்தக் கட்டடத்தில் ஓடுகிற அத்தனையும் அவன் பொறுப்புதான். இன்ஜினியர், நாற்பதைத் தாண்டியவன், முன் வழுக்கை வேறு. இருந்து என்ன பயன்? வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆபரேஷன் தியேட்டரில் ஏணி போட்டு ஏறி ஒரு பல்பை மாற்றித் தொலைத்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வார்டு ஆயாவிலிருந்து சூப்பிரண்டுவரை எல்லோருக்கும் அவன் பல்புதான். அப்படிக் கூப்பிடாத ஒரே ஜீவன் அவனுடைய அக்கா. அவள் அவனை "டேய்" என்பாள்.

அந்த அக்காதான் அங்கே பெரிய டாக்டர். கத்தி பிடிக்கிறவர்களில் மூத்தவள். கழுத்தில் கட்டியா, வயிற்றில் கட்டியா, "அந்தம்மா கை பட்டா போதும்" என்று ஜனங்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். கல்யாணம், குழந்தை, குட்டி என்று எதற்கும் அவள் நேரம் ஒதுக்கவில்லை. தியேட்டர்தான் வீடு, வீடு என்று ஒன்று இருந்தது தூங்கப் போவதற்கு. சின்ன வயதிலேயே அப்படித்தான். செத்த கரப்பான் பூச்சியைப் பலகையில் மல்லாத்தி வைத்துப் பிளேடால் கீறிப் பார்ப்பாள். பக்கத்தில் டார்ச் பிடிப்பது தம்பியின் வேலை. "ஆட்டாம பிடிடா எருமை, எனக்குத் தெரிய வேணாமா?" என்று குட்டு விழும். அவன் குட்டு வாங்கிக்கொண்டே பிடிப்பான். அன்றைக்குப் பிடித்த வெளிச்சத்தை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வினை ஆரம்பித்தது இப்படி. ஒரு நாள் ஆபரேஷன் நடுவில் அக்கா நிமிர்ந்து, "டேய், லைட்டு மங்குது, என்னன்னு பாரு" என்றாள். அவன் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் பெரிய டாக்டர் சொல்லிவிட்டாளே, பல்புகளை மாற்றினான். அடுத்த வாரம், "இன்னும் மங்கலாத்தான்டா இருக்கு." கரண்ட் போர்டை மாற்றினான். அதற்கடுத்த வாரமும் அதே பாட்டு. வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். முழு வெளிச்சமும் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றது மீட்டர்.

இந்த இடத்தில்தான், கேளுங்கள், உலகத்தில் வேறு எவனும் செய்யாத முட்டாள்தனத்தை அந்தத் தியேட்டரே ஒன்றுகூடிச் செய்தது. மீட்டர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஏன் என்றால், அங்கே எதையும் அளப்பது அக்காவின் கண்ணை வைத்துத்தான். துணி வெளுத்திருக்கிறதா, தையல் நேராக ஓடியிருக்கிறதா, சுவரில் கறை போயிற்றா, எதுவானாலும் அக்கா ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பேர்ப்பட்ட கண் ஒரு பக்கம், கை அகல மீட்டர் ஒரு பக்கம். எதைச் சந்தேகப்படுவார்கள்? மீட்டரைப் பெட்டியில் போட்டு, அளவு சரிபார்த்து அனுப்பும்படி கம்பெனிக்கு அனுப்பியவன் சாட்சாத் நம் பல்புதான். சூப்பிரண்டும், "பெரிய டாக்டரே சொல்றாங்கன்னா லைட்டுக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம். எல்லாத் தியேட்டருக்கும் புதுசா வாங்கிடுவோம். எதை வாங்கறதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று அக்காவையும், தியேட்டர் சிஸ்டரையும், அவனையும் கேட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவில் அவன் வீட்டில் ஒரு கழுத்துப் பிரச்சினை.

அவன் பெண்டாட்டி பள்ளிக்கூட டீச்சர். அவளுக்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல். வகுப்பில் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து எழுந்து நிற்கும். வீட்டிலும் வாய் மூடாது. குளிக்கும்போது பாட்டு, சமைக்கும்போது வம்பு, தூங்கும்போதுகூடப் பாடம் நடத்துவாள். லைட் விவகாரம் தொடங்கி, விலைப் பட்டியலும் படங்களுமாக அவன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்ததும் அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா, அண்ணி! நாள் பூரா அவ மூஞ்சியையே பாத்துட்டிருக்கார் உங்க தம்பி. அவளுக்கு அப்படி என்ன பளபளப்போ!" என்று அக்காவிடம் போனில் கோள் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அக்கா, பேசிக்கொண்டிருந்தவளை மேலும் கீழும் பார்த்து, "இங்க வா. எச்சில் முழுங்கு" என்றாள். முழுங்கினாள். அக்கா அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கண்ணால் பார்த்தாளா, கையால் கண்டுபிடித்தாளா என்று அவன் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தான். கழுத்தில், ஒரு பக்கத்தில், எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில், பயப்படும்படி இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்று வந்தது.

"அண்ணிதான் எடுக்கணும். வேற யாரையும் என் கழுத்துல கை வைக்க விடமாட்டேன்" என்றாள் டீச்சர்.

அக்கா அவளை உட்காரவைத்து விளக்கினாள். "கேட்டுக்கோ. அந்தக் கட்டிக்குப் பின்னாலயே ஒரு நரம்பு போகுது. நூல் மாதிரி, வெள்ளையா. உன் குரல் பூரா அதுலதான் தொங்குது. அதைக் கண்ணால பாத்து, ஒதுக்கிட்டு, அப்புறம்தான் கட்டியை எடுக்கணும். அது போச்சுன்னா குரல் போச்சு. புரியுதா?"

"போனா போகுது, உங்க தம்பி ஒரு நாளாவது நிம்மதியா தூங்குவார்" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. புது லைட்டு வரட்டும். முதல் ஆபரேஷன் உனக்குத்தான்" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு லைட்டைக் கொண்டுவந்து தியேட்டரில் நிறுத்தினார்கள். அன்று காலையில்தான் மீட்டரும் திரும்பி வந்திருந்தது. மேலே பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது: அளவில் பிழை எதுவும் இல்லை. 'அப்ப மங்கினது என்ன?' என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டு மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டான். அப்போதும் பாவிக்கு உறைக்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் சொல்கிற கணக்கையெல்லாம் அந்தத் தியேட்டரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அங்கே அவர்களுக்கென்று ஒரு சோதனை உண்டு. ஜக்குச் சோதனை என்பார்கள். ஆழமான எவர்சில்வர் ஜக்கு ஒன்று. அதன் அடியில் ஈரமான சிவப்புத் துணி. துணிமேல் தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவார்கள்: கறுப்பு, நீலம், ஊதா, வெள்ளை. ஜக்கை மேஜைமேல் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போது தலைகள் வெளிச்சத்தை மறைக்குமே, அதற்காக. நடுவில் நிற்கிற டாக்டர் கிடுக்கியை உள்ளே விட்டு, நிறத்தைச் சொல்லி நூலை எடுக்க வேண்டும். எந்த லைட்டில் சுலபமாக எடுக்க முடிகிறதோ அது நல்ல லைட். பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். உடம்புக்குள் ஒரு குழியில் வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது.

முதல் லைட்டின் கீழ் அக்கா குனிந்தாள். இடது பக்கம் தியேட்டர் சிஸ்டர், வலது பக்கம் சின்ன டாக்டர். சின்ன டாக்டர் என்பவள் அக்காவிடம் தொழில் பழகுகிற பெண், சுறுசுறுப்பானவள், அக்கா சொல்லே அவளுக்கு வேதம். பல்பு எதிரே மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆகவே அவனுக்கு மட்டும் ஜக்கின் உள்ளேயும் தெரிந்தது, அக்காவின் முகமும் தெரிந்தது.

கிடுக்கி உள்ளே போயிற்று. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் போய் வாயை மூடிற்று. வெறும் துணி. மறுபடி திறந்தது, மறுபடி மூடிற்று. மறுபடி வெறும் துணி. அக்கா தலையை லேசாகச் சாய்த்தாள், கோழி பார்ப்பதுபோல ஒரு பக்கமாக. பிறகு சிரித்துக்கொண்டே கிடுக்கியைச் சின்ன டாக்டரிடம் நீட்டினாள். "எங்க, நீ எடு பாப்போம். இது என்ன நிறம், சொல்லு?"

"கறுப்பு மேடம்." எடுத்துவிட்டாள்.

"ம். இந்த லைட்டு இருட்டு. அடுத்தது" என்றாள் அக்கா.

 'இது என்ன, சொல்லு?' இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளாக அவன் தியேட்டரில் அடிக்கடி கேட்கிறான். முன்பெல்லாம் அக்கா யாரையும் பேசவே விடமாட்டாள். இப்போது எதை எடுத்தாலும், "இது ரத்தக் குழாயா, நாரா? நீ சொல்லு." போன மாதம்கூடத் தியேட்டர் சிஸ்டர், "பெரிய டாக்டர் மாறிட்டாங்க தம்பி, சின்னவங்களுக்கு எவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுக்கறாங்க!" என்று மெய்சிலிர்த்துப் போனாளே! அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். மீட்டர் பொய் சொல்லவில்லை, பல்பு மங்கவில்லை, போர்டு கெடவில்லை. 

இரண்டாவது லைட் சரியான ராட்சசன். போட்டதும் கண் கூசிற்று. அதன் கீழ் அக்கா குனிந்து, கறுப்பு நூலை ஒரே பிடியில் எடுத்தாள். நீலத்தையும் எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், தொலைந்த கம்மல் கிடைத்தவள்போல. "இதுதான்டா! இதுதான் லைட்டு!" வெள்ளை நூலை அவள் தேடவில்லை. சின்ன டாக்டர்தான் எட்டிப் பார்த்து, "வெள்ளை மட்டும் கொஞ்சம் தெரியல மேடம். துணி ஈரமா இருக்கா, அதுவும் வெள்ளையா அடிக்குது" என்றாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது லைட்டில் வெளிச்சம் குறைவு, ஆனால் நிறங்கள் பிசகாமல் தெரிந்தன. சிவப்பு சிவப்பாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. சின்ன டாக்டர் நான்கு நூலையும் மளமளவென்று எடுத்துப் போட்டாள். அக்கா குனிந்தே பார்க்கவில்லை. "இது ஆகாது, தூங்கி வழியுது" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

ஜக்கைக் கழுவிக்கொண்டே தியேட்டர் சிஸ்டர் அவனிடம் முணுமுணுத்தாள். "மூணாவதுதான் தம்பி நல்லது. சதை சதையா தெரியுது, ரத்தம் ரத்தமா தெரியுது. ரெண்டாவது உச்சி வெயில்ல நிக்கற மாதிரி இருக்கு. அவங்ககிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

சொல்வதற்குத்தான் அவன் அக்காவின் அறைக்குப் போனான். கதவைத் தட்டும்போது வாயில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான். உள்ளே அக்கா ஒரு ரிப்போர்ட்டை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, செல்போன் டார்ச்சை அதன்மேல் அடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. அவனைக் கண்டதும் டார்ச்சை அணைத்தாள்.

"அக்கா, அந்த மூணாவது லைட்டு..."

"ரெண்டாவதுடா. அதுல குனிஞ்சப்போ எனக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, தெரியுமா?" அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காதைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு வேற என்னடா வேணும்? வெளிச்சம் இருந்தா போதும். இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிடுவேன்."

 சொல்லு, சொல்லித் தொலையேன் என்று அவனுக்குள் ஒருவன் கத்தினான். எதைச் சொல்வது? 'உனக்குக் கண் தெரியவில்லை, கத்தியைக் கீழே வை' என்றா? அதற்குப் பதில் அவளைக் கொன்றுபோடலாம். மென்று விழுங்கிவிட்டு, "சரிக்கா" என்றான். இரண்டாவது லைட்டையே வாங்கலாம் என்று சூப்பிரண்டுக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டான். வெளிச்சம் அதிகமாக இருந்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று தனக்குத் தானே கதை சொல்லிக்கொண்டான். அன்பு இருக்கிறதே, அது மனிதனை எப்படியெல்லாம் முட்டாளாக்குகிறது!

ஆனால் பெண்டாட்டி கழுத்து? அது அவனைத் தூங்கவிடவில்லை. லைட்டுகள் வந்து இறங்கிய அன்று சாயங்காலம், அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. வேற டாக்டர்கிட்ட செஞ்சுக்கலாமா?"

சிவப்புப் பேனா நின்றது. "ஏன்?"

"இல்ல, சொந்தக்காரங்களுக்கு டாக்டருங்க கத்தி வைக்க மாட்டாங்க. கை நடுங்கும்பாங்க."

"உங்க அக்காவுக்கா? உங்க மாமாவுக்குக் குடல்வால் எடுத்தது யாரு? நம்ம சித்தி வயித்தைத் திறந்தது யாரு? அப்பல்லாம் நடுங்காத கை எனக்குன்னா மட்டும் நடுங்குமா?"

"அதில்ல..."

"வேற எதுங்க? காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாம பேசினா என் கிளாஸ்ல பெஞ்ச் மேல ஏத்திடுவேன்."

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக்குக் காலையில் ஊர் முழுக்கத் தெரியும்; இவளுக்கு ரகசியம் என்பது வயிற்றில் தங்காது. அக்காவின் வாழ்க்கை அதோடு முடிந்தது. அவன் திருதிருவென்று விழித்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, அவனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, இந்தக் கூத்தைக் கேளுங்க! உங்க தம்பிக்கு உங்க கை மேல நம்பிக்கை இல்லையாம். வேற டாக்டர்கிட்ட போகணுமாம்!"

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. 

"அவன்கிட்ட குடு" என்றாள் அக்கா. "டேய். என்னடா விஷயம்?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் சொன்னேன்."

"நிஜமாவே ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி" என்றாள் அக்கா. போனை உடனே வைக்கவில்லை. அவளுடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் வைத்தாள்.

"பாத்தீங்களா, மூஞ்சியில ஈயாடல" என்று டீச்சர் மறுபடி பேனாவை எடுத்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும்போதும் வாய் ஓயவில்லை. மேலே பார்த்து, "ஓ, இவதானா என் சக்களத்தி? நல்லா பெரிய மூஞ்சிதான்" என்றாள். மயக்க டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டார். "எண்ணுங்க டீச்சர்" என்றார். "நீங்க எண்ணுங்க, நான் திருத்தறேன்" என்று அவள் சொன்னாள். அதுதான் கடைசியாகச் சொன்னது. தூங்கிவிட்டாள்.

புது லைட்டுக்கு முதல் நாள் என்பதால் கம்பெனிக்காரரும் அவனும் தியேட்டருக்குள் நின்றார்கள். சுவரில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன்கள். அவன் அதன் அருகில் நின்றான். பெண்டாட்டியின் முகம் துணிக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. அதற்கு அவன் மனசுக்குள் நன்றி சொன்னான்.

முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான் போயிற்று. கழுத்தைத் திறந்து, தசையை விலக்கி, கட்டியைத் தூக்கிப் பிடிக்கிறவரை அக்காவின் கை தடுமாறவே இல்லை. அத்தனை வருஷம் போய் வந்த பாதை, கைக்கே வழி தெரியும். அவனுக்குக்கூட நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. பிறகு கட்டியின் பின்பக்கம் வந்தது. அக்காவின் கை நின்றது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"எங்க, நீ சொல்லு பாப்போம். நரம்பு எங்க இருக்கு?"

சின்ன டாக்டர் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். "மேடம்... எல்லாமே ஒரே வெள்ளையா இருக்கு. பளபளன்னு அடிக்குது. லைட்டைக் கொஞ்சம் குறைக்கலாமா மேடம்?"

"குறைக்கவா? எனக்கு இருட்டா இருக்கு. டேய், ஏத்து."

அவன் கை பட்டன் பக்கம் போயிற்று. குறைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கூட்டினால் அக்காவுக்கு ஒருவேளை தெரியும். கத்தரிக்கோல் இருப்பது அக்காவின் கையில். விரல் இரண்டு பட்டனுக்கும் நடுவில் நின்றது. தியேட்டர் சிஸ்டர் திரும்பி அவனைப் பார்த்தாள். கம்பெனிக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு, "இன்னும் நிறைய இருக்கு சார், தாராளமா ஏத்தலாம்" என்றார்.

"ஏத்துடா! எனக்குத் தெரிய வேணாமா?"

சின்ன வயதில் கேட்ட அதே குரல், அதே வார்த்தை. அவன் விரல் கூட்டுகிற பட்டனை அமுக்கிற்று. குழியெல்லாம் வெளுத்தது.

"இப்ப சொல்லு. இது என்ன?"

"நார் மாதிரிதான் மேடம் தெரியுது."

"மாதிரின்னா? நாரா, நரம்பா?"

 பெரிய டாக்டர் தெரியாமலா கேட்கிறார், பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தாள் சின்ன டாக்டர், பாவம். தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார் என்ற தைரியத்தில், "நார்தான் மேடம்" என்றாள்.

அக்கா ஒரு நொடி நிமிர்ந்து தம்பி நின்ற பக்கம் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். நிறுத்துக்கா, வேண்டாம். அவ்வளவுதான், சொல்ல வேண்டியது அவ்வளவுதான். முகமூடிக்குள் வாய் திறக்கத்தான் செய்தது, சத்தம் வரவில்லை. அக்கா குனிந்தாள். கத்தரிக்கோல் மூடுகிற சின்னச் சத்தம் கேட்டது.

மயக்கம் தெளிந்ததும் மயக்க டாக்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "டீச்சர், உங்க பேரைச் சொல்லுங்க." அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் வந்து குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல ஒரு பக்கம் அசையல" என்றார். "திரும்புமா?" என்று அவன் கேட்டான். "நசுங்கியிருந்தா மெதுவா திரும்பும். அறுந்திருந்தா..." என்று தொடங்கியவர் அக்காவைப் பார்த்தார்.

அக்கா கை கழுவுகிற தொட்டி முன்னால் நின்றிருந்தாள். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு எட்டிப் பார்த்து, "லைட்டுல ஏதாவது கோளாறா டாக்டர்? கம்பெனிக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்" என்றார்.

"லைட்டுல ஒண்ணும் இல்ல சார். நாளைலேர்ந்து என் பேரைத் தியேட்டர் போர்டுல எழுத வேணாம்" என்றாள் அக்கா. அவர் விழித்துவிட்டு நகர்ந்தார்.

அவன் போய்க் குழாயை மூடினான்.

"லைட்டுல தப்பு இல்லடா" என்றாள் அவனிடமும்.

"தெரியும்க்கா."

அவள் திரும்பினாள். "எப்பலேர்ந்து?"

"ஜக்கு வெச்ச அன்னிக்கு."

அக்கா அவன் காதைப் பார்த்தாள். இல்லை, அவனைத்தான் பார்த்தாள். அவனைப் பார்க்க அவள் இனிமேல் காதைத்தான் பார்க்க வேண்டும். "வெளியூர்ல போய்க் காட்டினேன். எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு பொட்டு மாதிரி மறைக்குது. அது போகாதுன்னுட்டாங்க. வெளிச்சம் அதிகமா இருந்தா கொஞ்ச நாள் சமாளிக்கலாம்னாங்க. அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்." குரல் உடைந்தது. "நான் குருடிடா, எனக்குப் புத்தி இல்ல. உனக்குக் கண்ணு இருக்கே, நீ ஏன்டா அவளை என் கையில குடுத்த?"

"நீயே சொல்லுவியோன்னு பாத்தேன்க்கா."

"நான் கேட்டேனேடா. போன்ல கேட்டேனே, நிஜமாவே ஒண்ணும் இல்லயான்னு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நீ சொல்லமாட்டியான்னுதான் கேட்டேன்."

 அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வயதுக்கு அவள் அழுது அவன் பார்த்ததில்லை. தோளைத் தொடலாமா என்று கையை நீட்டினான், தொடாமலே இழுத்துக்கொண்டான்.

சாயங்காலம் டீச்சரை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டில். கழுத்தில் கட்டு. அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அக்கா உள்ளே வரவில்லை, கதவு நிலையிலேயே நின்றாள். டீச்சர் கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை. தொண்டை ரணம் ஆறினால் சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வம்புக்கு இழுக்கும்போது வருகிற அந்தச் சிரிப்பு உதட்டில் வந்தது. அவனைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினாள்.

அவன் காதை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"லைட்டு..." என்றது காற்று. அவள் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கினாள். "உங்க லைட்டு... நல்லா எரிஞ்சுதா?"

கதவு நிலையில் நின்ற அக்காவுக்கு அது கேட்டிருக்காது. அவன் பெண்டாட்டியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"நல்லா எரிஞ்சுது" என்றான்.